வண்ணத்துக்கு முன் வாட்டம்

டைல்ஸ் கடைகளில் இப்போது மாதிரிக் குளியலறைகளையே கட்டி வைத்திருக்கிறார்கள். பாசிப்பச்சைச் சுவர், மரப்பலகை போலத் தோன்றும் தரை, கால் இல்லாமல் சுவரில் தொங்கும் கம்மோட், கறுப்புக் குழாய், முகக்கண்ணாடியைச் சுற்றி மெல்லிய ஒளிக்கோடு, மூலையில் ஒரு தொட்டிச் செடி. பார்த்தவுடன் ஆசை வரும். எங்கள் வீட்டைப் புதுப்பித்த நாட்களில் நானும் அப்படி ஒரு மாதிரியின் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறேன். அந்த அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழுந்ததில்லை என்பது அப்போது என் புத்தியில் படவில்லை.

நம் வீட்டுக் குளியலறை அப்படியானதல்ல. காலையில் நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்து முடித்தால் தரை முழுக்க ஈரம். வாளி, மக், உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி, ஓரத்தில் ஊறவைத்த துணி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளென்றால் நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்து தரையில் ஒரு படலமே நிற்கும். இந்த அறையைத்தான் அந்த மாதிரியைப் போல மாற்ற நினைக்கிறோம். புதிதாக வரும் பாணிகளில் சில நம் தண்ணீருக்கு ஈடுகொடுக்கின்றன, சில ஓராண்டிலேயே தோற்றுப்போகின்றன. எது எப்படி என்று அறிந்துகொள்ள, அவை பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானவை ஐரோப்பாவில் பிறக்கின்றன. ஜெர்மனியின் ஃபிராங்பர்ட்டில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும், குளியலறைச் சாதனங்களுக்கான ஐ.எஸ்.எச். கண்காட்சி, மிலானின் அறைக்கலன் விழாவில் ஓராண்டு விட்டு ஓராண்டு வரும் குளியலறைப் பிரிவு, பொலோனியாவில் செப்டம்பர்தோறும் கூடும் செர்சாயே டைல்ஸ் சந்தை ஆகியவற்றில் காட்டப்படுகிற வடிவங்கள் குஜராத்தின் மோர்பியில் சூளை ஏறி நம் ஊர்க் கடைக்கு வந்துவிடுகின்றன. இந்தியாவின் டைல்ஸில் மிகப்பெரும் பங்கு அந்த ஓர் ஊரைச் சுற்றித்தான் தயாராகிறது.

நிறத்தின் கதை நீண்டது. நோய்க்குக் கிருமிகளே காரணம் என்பது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உறுதியான பிறகு, அழுக்கு உடனே கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே மேற்கில் குளியலறை வெள்ளையானது. 1927-இல் அமெரிக்காவின் கோலர் நிறுவனம் வண்ணத் தொட்டிகளையும் கோப்பைகளையும் கொண்டுவந்தது. 1970-களில் பிரிட்டனில் வெண்ணெய்ப்பழப் பச்சை பெரும் மோகமாக இருந்தது. பின்னால் அதே பச்சையைப் பெயர்த்து எறிந்துவிட்டு மறுபடி வெள்ளைக்குப் போனார்கள். அதற்குப் பின் வெகுகாலம் சாம்பல் நிறம் கோலோச்சியது. இப்போது களிமண், சுட்ட செங்கல், தேன், காய்ந்த இலை என்று மண்ணின் நிறங்கள் வந்திருக்கின்றன. 2025-ஆம் ஆண்டுக்கான நிறமாக, நிறங்களை வகைப்படுத்தித் தரும் பான்டோன் நிறுவனம் அறிவித்ததும் 'மோக்கா மூஸ்' என்கிற பழுப்புதான். இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. செம்மண்ணும் காவியும் நம் கண்ணுக்குப் பழகியவை. போர்வெல் தண்ணீரின் லேசான மஞ்சள் தடமும் இந்த நிறங்களில் அவ்வளவாக உறுத்துவதில்லை.

நிறத்தைவிட ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. குளியலறையை மறைவிடமாக நினைக்காமல் இருந்து இளைப்பாறும் அறையாக நினைப்பது. பாரிஸுக்கு அருகே புவாஸியில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வடிவமைத்து 1931-இல் முடிந்த வில்லா சவோய் என்ற வீட்டில் முதன்மைப் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே சுவர் கிடையாது; ஒரு திரைதான். தொட்டியை ஒட்டி, உடம்பின் வளைவுக்கு ஏற்ப ஓடு பதித்த சாய்மேடை ஒன்று இருக்கிறது. இன்றைய நட்சத்திர ஓட்டல்களில் படுக்கைக்கும் ஷவருக்கும் நடுவே கண்ணாடி மட்டும் நிற்பதன் மூதாதை அதுதான். அந்த வீட்டின் கூரை ஒழுகியதும், வீட்டுக்காரர்கள் அதைப் பற்றி மீண்டும் மீண்டும் முறையிட்டதும் கட்டடக்கலை வரலாற்றில் பதிவான செய்திகள். எவ்வளவு பெரிய மேதை வரைந்தாலும் தண்ணீர் தன் வழியில்தான் போகும்.

ஐரோப்பியக் குளியலறை உலர்ந்த அறை. தண்ணீர் தொட்டிக்குள்ளோ ஷவர் கூண்டுக்குள்ளோ அடங்கிவிடும். அதனால்தான் சில நாடுகளில் தரைக்கு மரப்பலகையும் கம்பளமும்கூடப் போட்டார்கள். நாமோ ஆற்றிலும் கிணற்றடியிலும் குளித்த வழக்கத்தோடு வந்தவர்கள். தண்ணீரை மொண்டு ஊற்றுவோம், அது தரை முழுவதும் பாயும். ஜப்பானியர்களும் ஏறக்குறைய இப்படித்தான். தொட்டிக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டியில் இறங்குவார்கள். ஆனால் அங்கே கழிப்பறை பெரும்பாலும் தனி, குளிக்கும் அறை தனி, முகம் கழுவும் இடம் தனி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸை ஒட்டி எழுந்த நியூ ஒட்டானி ஓட்டலுக்காக, தரையும் சுவரும் ஒரே வார்ப்பாக வந்து பொருந்தும் குளியலறைகளை அந்நாட்டுக் குளியலறைச் சாதன நிறுவனமான டோட்டோ ஆயிரத்துக்கு மேல் செய்து கொடுத்தது. மூட்டு குறைந்தால் கசிவும் குறையும். ஈரம் விழும் இடத்தை முதலிலேயே முடிவு செய்து, அந்த இடத்தை முழுவதுமாக நீருக்குத் தயார் செய்துவிடும் அணுகுமுறை அது. நாம் கடன் வாங்குவதானால் ஜப்பானிடமிருந்து முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

நம் நகரங்களுக்கு இன்று வந்திருக்கும் புதுமைகளில் மிகவும் பயனுள்ளது, ஈரப்பகுதியையும் உலர்பகுதியையும் பிரிப்பது. இதற்குப் பெரிய அறை வேண்டியதில்லை. குளியலும் கழிப்பும் சேர்ந்த அறைக்கு இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கும் குறைந்த அளவு 2.8 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 30 சதுர அடி. அடுக்ககங்களில் வழக்கமாகக் கிடைப்பது 8க்கு 5 அடி. இந்த நாற்பது சதுர அடியில் கதவருகே முகம் கழுவும் தொட்டி, நடுவில் கம்மோட், கடைசி 3 அடியில் குளிக்கும் இடம் என்று வரிசைப்படுத்தி, குளிக்கும் இடத்துக்கு முன்னால் ஒற்றைக் கண்ணாடி நிறுத்தினால் போதும். கண்ணாடி 8 அல்லது 10 மில்லிமீட்டர் கனமுள்ள, சூடேற்றி உறுதியாக்கிய டஃபன்ட் கண்ணாடியாக இருக்க வேண்டும். அதற்குக் கதவு வைக்காமல் விட்டால் வாளியைத் தூக்கிப்போகவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் இடைஞ்சல் இல்லை. குளிக்கும் இடத்தின் தரை அரை அங்குலம் இறங்கியிருந்தால் தண்ணீர் இந்தப் பக்கம் வராது. இரவில் எழுந்துபோகிறவர் காலில் ஈரம் படாது என்ற ஒன்றுக்காகவே இதைச் செய்யலாம்.

தரைக்கு வருவோம். கொத்தனார்கள் 'வாட்டம்' என்று சொல்லும் அந்தச் சரிவில்தான் ஒரு குளியலறையின் ஆயுள் இருக்கிறது. 1 மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை தரை வடிகாலை நோக்கி இறங்க வேண்டும். குறைந்தால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். கூடினால் நிற்கும்போது கால் சறுக்கும். இப்போது எல்லோரும் விரும்பும் 600க்கு 1200 மில்லிமீட்டர் டைல்ஸ் சுவருக்கு அருமையாகப் பொருந்துகிறது. இணைப்புக் கோடுகள் குறைவு, துடைப்பது எளிது. தரையில் அதே டைல்ஸைப் போட்டால்தான் சிக்கல். நடுவில் அல்லது மூலையில் இருக்கும் சதுர வடிகாலுக்கு நான்கு திசையிலிருந்தும் வாட்டம் கொடுக்க வேண்டும். பெரிய பலகை மடங்காது. அதை மூலைவிட்டமாக வெட்ட வேண்டிவரும், வெட்டினால் அழகு போய்விடும். அழகுக்காக வெட்டாமல் விட்டால் வாட்டம் போய்விடும். சுவரோரமாகப் பள்ளம்போல ஓடும் நீள வடிகால் பிரபலமானதற்குக் காரணம் இதுதான்: ஒரே திசையில் வாட்டம் கொடுத்தால் போதும், பெரிய டைல்ஸை வெட்ட வேண்டியதில்லை. டைல்ஸ் துண்டையே மேலே பதித்து வடிகாலை மறைக்கும் வகையும் வந்திருக்கிறது. முடி சிக்கினால் தூக்கி எடுத்துச் சுத்தம் செய்ய முடிகிறதா என்று கடையிலேயே தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அடியில் தண்ணீர் தங்கும்படி அமைத்த பகுதியான ட்ராப்பில் 2 அங்குலமாவது தண்ணீர் தங்க வேண்டும். சாக்கடை நாற்றத்தை மறிப்பது அந்தத் தண்ணீர்தான். ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பும்போது குளியலறை நாறுகிறதென்றால் அது வற்றியிருக்கிறது என்று பொருள். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

டைல்ஸுக்குக் கீழே நடப்பதை எங்கள் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டு ஆசைப்பட்ட புதிய டைல்ஸைப் போட்டோம். நாலைந்து மாதம் கழித்துக் கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். "தம்பி, கொஞ்சம் கீழே வந்து பாருங்கள்." அவர்கள் சமையலறைக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓதம். சுண்ணாம்பு உப்பிப் பொரிந்து, அதன் நடுவில் ஒரு நீர்த்துளி விழத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. அடுப்பைச் சற்றுத் தள்ளி வைத்திருந்தார். அந்தத் துளியைப் பார்த்த நொடியில் நான் தேர்ந்தெடுத்த நிறம், வடிவம் எல்லாம் மறந்துபோயின.

நடந்தது இதுதான். நம் அடுக்ககங்களில் குளியலறைத் தளத்தை ஏறக்குறைய 1 அடி பள்ளமாக இறக்கி வார்த்து, குழாய்களை அதில் படுக்கவைத்து, செங்கல் சல்லி போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவது வழக்கம். டைல்ஸ் தண்ணீர் புகாதது என்பது சரி, ஆனால் சிமெண்ட் பூசிய இணைப்புக் கோடு தண்ணீரை உறிஞ்சும். உள்ளே போன தண்ணீரைச் செங்கல் சல்லி பஞ்சுபோல வாங்கி வைத்துக்கொள்ளும். நிறைந்த பிறகுதான் கீழே காட்டும். அதனால் தவறு நடந்த நாளுக்கும் தெரியவரும் நாளுக்கும் மாதக்கணக்கில் இடைவெளி. டைல்ஸ் ஒட்டும் முன் தளத்துக்கும் சுவரில் ஓரடி உயரத்துக்கும், குளிக்கும் பக்கம் தலைக்கு மேல் வரையிலும் நீர்த்தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை எல்லாவற்றையும் உடைத்துச் செய்தபோது இந்த இரண்டு நாளும் காத்திருந்தோம். குளிக்கும் பகுதியின் இணைப்புக் கோடுகளுக்கு எபாக்ஸி என்னும் பிசின் கலவையை நிரப்பினோம். அது விலை அதிகம், ஆனால் மஞ்சள் கறையும் அதில் ஏறுவதில்லை.

வழுக்கலுக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. டைல்ஸ் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள், நாம் பார்ப்பதில்லை. ஜெர்மானியத் தரச் சோதனை ஒன்றில், எண்ணெய் பூசிய சாய்தளத்தில் காலணியோடு ஒருவரை நடக்கவிட்டு, எத்தனை பாகை சாய்வில் அவர் சறுக்குகிறார் என்று பார்க்கிறார்கள். 6 முதல் 10 பாகைக்குள் சறுக்கினால் ஆர்9, 19 வரை தாங்கினால் ஆர்10, 27 வரை தாங்கினால் ஆர்11. சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நடத்திப் பார்க்கும் சோதனை தனியாக உண்டு. அதில் ஏ, பி, சி என்று மூன்று படிகள், சி தான் உயர்ந்தது. எண்ணெய்க் குளியல் உள்ள வீடு தினசரி நடத்தும் சோதனையும் இதுதானே. குளிக்கும் இடத்துக்கு ஆர்11, வெறுங்கால் தரத்தில் பி அல்லது சி என்று கேட்டு வாங்குவது நல்லது. பளபளப்பான பளிங்குத் தோற்ற டைல்ஸைத் தரையில் போடவே கூடாது என்பது என் முடிந்த முடிவு.

சுவரில் தொங்கும் கம்மோட் வெறும் அலங்காரம் என்று முதலில் நினைத்தேன். அது தவறு. தரையை ஊற்றிக் கழுவும் நமக்குத்தான் அது மிகவும் ஏற்றது. அடியில் துடைப்பம் தங்கு தடையில்லாமல் போகும். சுவருக்குள் மறையும் ஃப்ளஷ் தொட்டியை ஸ்விட்சர்லாந்தின் கெபெரிட் நிறுவனம் 1964-இல் கொண்டுவந்தது. உள்ளே பழுது வந்தால் பொத்தான் பலகையைக் கழற்றி அந்தத் துளை வழியாகவே சரிசெய்யலாம், சுவரை உடைக்க வேண்டியதில்லை. ஐரோப்பியத் தரப்படி இந்தக் கம்மோட் 400 கிலோ எடை தாங்க வேண்டும். ஆனால் அந்த எடையைத் தாங்குவது பீங்கான் மட்டுமல்ல, உள்ளே நிறுத்தும் இரும்புச் சட்டமும்தான். அதைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருக்க வேண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவரில் நேரடியாகத் துளையிட்டு மாட்டினால் அது ஆபத்து. இரண்டு பொத்தான் ஃப்ளஷ் 1980-இல் ஆஸ்திரேலியாவில் தோன்றியது. சிறியதை அழுத்தினால் 3 லிட்டர், பெரியதை அழுத்தினால் 6 லிட்டர் என்பது இன்றைய வழக்கமான அளவு. பழைய தொட்டிகள் ஒவ்வொரு முறையும் 10 லிட்டருக்கு மேல் குடித்தன. தானாகக் கழுவி உலர்த்தும் மின்சார கம்மோட்டுகளும் கடைக்கு வந்துவிட்டன. ஜப்பானில் 1980-லேயே வந்தவை அவை. கழுவுவதில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையடக்கக் குழாய் ஒன்று அந்த வேலையை மின்சாரம் இல்லாமலே செய்துவிடும்.

மேலிருந்து மழைபோலக் கொட்டும் அகன்ற ஷவர் இன்னொரு பெரிய ஆசை. வாங்கிய பலர் ஏமாறுவதற்குக் காரணம் அழுத்தம். 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். மொட்டை மாடித் தொட்டிக்கும் அதற்கு நேர்கீழே உள்ள மாடியின் ஷவருக்கும் நடுவே 3 மீட்டர்தான் இருக்கும், அதாவது 0.3 பார். அகன்ற தட்டின் நூற்றுக்கணக்கான துளைகளில் அது சொட்டுச் சொட்டாகத்தான் விழும். அழுத்தம் கூட்டும் மோட்டார் வைக்கலாம். வைத்தால் அடுத்த கணக்கு வருகிறது. நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும் ஷவர், 15 லிட்டர் கீசர் என்று கொள்வோம். 60 பாகை வெந்நீரை 28 பாகைத் தண்ணீரோடு கலந்து 40 பாகைக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 40 லிட்டர் கிடைக்கும். மூன்றரை நிமிடம் முடிவதற்குள் அது தீர்ந்துவிடும். அதே 40 லிட்டர் இரண்டு பெரிய வாளி. ஒருவர் நிதானமாகத் தலைக்குக் குளித்து முடித்து, அடுத்தவருக்கும் மிச்சம் வைக்கலாம். ஆகவே ஷவர் வைக்கிறவர்களும் இடுப்பளவில் வாளிக்கென்று ஒரு குழாயை விட்டுவைக்க வேண்டும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இனி தண்ணீரின் குணம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. கடலோரத்திலும் பாறை மண்ணிலும் பல போர்வெல்கள் இந்த எல்லையையும் தாண்டுகின்றன. அந்தத் தண்ணீர் சொட்டி உலர்ந்த இடத்தில் கால்சியம் வெள்ளையாகப் படியும். கறுப்புக் குழாய் ஐரோப்பியப் படங்களில் அவ்வளவு அழகாக இருக்கிறது. உப்புத் தண்ணீர் வீட்டில் ஒரே வாரத்தில் திருநீறு பூசியதுபோல ஆகிவிடும். துடைக்கப் பொறுமை இல்லாமல் ஆசிட் ஊற்றினால் பூச்சு உரிந்துபோகும். பளபளக்கும் குரோம் பழைய பாணிதான். உப்புத் தண்ணீருக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. அதுவும் முடியாவிட்டால் துலக்கிய எஃகு நிறம். கண்ணாடித் தடுப்புக்கும் இதே கதிதான். குளித்து முடித்தவர் ரப்பர் பட்டையால் ஒருமுறை வழித்துவிடும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வந்தால் மட்டுமே கண்ணாடி வையுங்கள்; வராதென்றால் இடுப்பளவு சுவர் ஒன்று போதும்.

பூச்சுகளிலும் பொருள்களிலும் கையால் செய்தவற்றுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. மொராக்கோவின் மராகேஷ் பகுதியில் சுண்ணாம்பைப் பூசி, கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்பிட்டு மெருகேற்றும் ததலாக்த் பூச்சை உலகெங்கும் புதிய கண்டுபிடிப்பைப் போலக் கொண்டாடுகிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டவர்களுக்கு அது புதிதல்ல. சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்கிய சுவர்கள் அவை. அந்தக் கைகள் இன்னும் சில மிஞ்சியிருக்கும்போதே அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆத்தங்குடி ஓடுகளையும் இப்போது குளியலறைக்குக் கேட்கிறார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் ஓடு அது. சுடாதது என்பதால் நீரை உறிஞ்சும், அமிலம் பட்டால் அரிக்கும். முகம் கழுவும் தொட்டிக்குப் பின்சுவரிலும் உலர்பகுதித் தரையிலும் அது வெகு அழகாக இருக்கும். குளிக்கும் இடத்தில் வேண்டாம். ஷாம்பு வைக்கச் சுவரைக் குடைந்து அமைக்கும் பெட்டியைப் புதுப் பாணி என்று விற்கிறார்கள். அது நம் வீடுகளின் பழைய மாடம்தான். அதன் அடித்தட்டுக்கும் சிறிது வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையேல் சோப்பு கரைந்துகொண்டே இருக்கும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது, மாதிரிக் குளியலறைகளில் மிகக் குறைவாகக் காணப்படுவது: முதியவர்களுக்கான ஏற்பாடு. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி. ஈரமான சிறிய அறையில் எழுந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் அந்த ஆபத்து இருக்கிறது. சுவர்க் கம்மோட்டின் உயரத்தை நம் விருப்பப்படி வைக்க முடிவது இங்கே பெரிய உதவி. வழக்கத்தைவிட ஓரிரு அங்குலம் ஏற்றி வைத்தால் முழங்கால் வலிக்காரர்கள் எளிதாக எழுந்துவிடுவார்கள். பிடிகம்பி வேண்டும். துண்டு மாட்டும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது; பிடிகம்பியின் திருகு டைல்ஸைத் தாண்டி உறுதியான சுவருக்குள் இறங்க வேண்டும். டைல்ஸ் ஒட்டும் முன்பே அந்த இடத்தைக் குறித்துச் சொல்லிவிட வேண்டும். வாசலில் படி தடுக்காமல் அங்கே தரை சமமாக இருக்கட்டும்.

எங்கள் இரண்டாவது சீரமைப்பின்போது கடைசியாக மாற்றியது கதவை. உள்பக்கம் திறக்கும் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி ஆக்கினோம். உள்ளே விழுந்து கிடப்பவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து யாராலும் தள்ள முடியாது என்று தச்சர்தான் சொன்னார். வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கும் தாழ்ப்பாளையும் அவரே பொருத்தினார். அம்மாவை ஒருமுறை உள்ளே நின்று தாழிடச் சொல்லி, நான் வெளியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருகிப் பார்த்தேன். திறந்தது.